ரைட் கிளிக் மெனுவுக்குள் அலுவலக வேலைகளை இறக்கியது

ஈரோட்டில் ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். கணக்கு வேலையோடு அங்கிருக்கும் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்வதும் என் பொறுப்பு. ஃபைல் மேல் ரைட் கிளிக் செய்தால் விரியும் மெனுவை எங்கள் வேலைக்கு ஏற்றபடி மாற்றி அமைத்த விவரத்தை இங்கே எழுதி வைக்கிறேன். இதே மாதிரி ஃபைல் குவியலோடு மல்லுக்கட்டும் யாருக்கும் பயன்படும்.

எங்கள் அலுவலகத்தில் நேரத்தைத் தின்பது கணக்குப் போடுவது இல்லை, ஃபைல்களை அதனதன் இடத்தில் சேர்ப்பதுதான். மாதாமாதம் ஜிஎஸ்டி தாக்கல் செய்பவர்களுக்கு 11ஆம் தேதி விற்பனை விவரமான ஜிஎஸ்டிஆர்-1, 20ஆம் தேதி வரிச் சுருக்கமான 3பி, இரண்டுக்கும் அதுதான் கடைசி நாள். அந்த நாட்களில் போர்ட்டலில் இருந்து இறக்கும் பிடிஎஃப், பேங்க் ஸ்டேட்மென்ட், வாட்ஸாப்பில் வந்த பில் போட்டோ எல்லாம் டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் வந்து விழும். ஒவ்வொன்றையும் கட் செய்து, டி டிரைவைத் திறந்து, கிளையன்ட் ஃபோல்டர், பெயர், வருஷம், ஜிஎஸ்டி என்று படிப்படியாக உள்ளே இறங்கி பேஸ்ட் செய்ய வேண்டும். அவசரத்தில் பலர் பேஸ்ட் செய்யாமல் டவுன்லோட்ஸிலேயே விட்டுவிடுவார்கள். ஜூலையில் வருமான வரி வேலை தொடங்கும்போது அந்தக் குவியலைக் கிளறித் தேடுவது தனி வேலை.

"தம்பி, இந்த ஃபைலைக் கிளிக் பண்ணினா அதுவே போய் உட்கார்ற மாதிரி ஏதாவது செய்ய முடியுமா?" என்று சீனியர் அக்கா கேட்டார். முடியும் என்று தோன்றியது.

முதலில் பார்த்தது, மெனு ஏன் இவ்வளவு மெதுவாக வருகிறது என்பதை. அக்காவின் கணினியில் ரைட் கிளிக் செய்தால் மூச்சு விட்டு வாங்கும் நேரம் ஆனது மெனு தெரிய. மெதுவான மெனுவில் புதிதாக எதைச் சேர்த்தாலும் யாரும் தொடமாட்டார்கள். அதனால் சேர்ப்பதற்கு முன்னால் கழிப்பது.

விண்டோஸில் இந்த மெனுவுக்குள் ஆட்கள் இரண்டு வழியாக வருகிறார்கள். ஒன்று, ரெஜிஸ்ட்ரியில் (விண்டோஸ் தன் அமைப்புகளை எழுதி வைக்கும் இடம்) எழுதி வைத்த சாதாரண வரி: பெயர் இது, அழுத்தினால் இந்த புரோகிராமை இந்த ஃபைலோடு திற. கிளிக் செய்யும்வரை அது எந்த புரோகிராமையும் எழுப்பாது. இன்னொன்று ஷெல் எக்ஸ்டென்ஷன். இது ஒரு டிஎல்எல், அதாவது வேறு புரோகிராமுக்குள் ஏறி ஓடும் நிரல் துண்டு. ஃபைல்களையும் டாஸ்க்பாரையும் காட்டும் விண்டோஸ் புரோகிராமான எக்ஸ்ப்ளோரர் அதைத் தனக்குள்ளேயே ஏற்றிக்கொண்டு, "இந்த ஃபைலுக்கு நீ என்ன காட்டப் போகிறாய்?" என்று ஒவ்வொரு ரைட் கிளிக்கின்போதும் கேட்கும். அந்த டிஎல்எல் பதில் சொல்லத் தாமதித்தால் மெனுவும் தாமதிக்கும். அது விழுந்தால் எக்ஸ்ப்ளோரரும் சேர்ந்து விழும். டாஸ்க்பார் மறைந்து திரும்ப வருவதைப் பார்த்திருப்பீர்கள். ஜிப் புரோகிராம், ஆன்டிவைரஸ், கிளவுட் சேமிப்பு, கிராஃபிக்ஸ் டிரைவர் என்று நிறைய பேர் இந்த இரண்டாவது வழியில்தான் வந்து உட்காருகிறார்கள். புரோகிராமை நிறுவும்போது நம்மிடம் கேட்பதுகூட இல்லை.

யார் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பார்க்க நிர்சாஃப்ட்டின் ஷெல்எக்ஸ்வியூ போதும். இலவசம், நிறுவத் தேவையில்லை, ஜிப்பைப் பிரித்து அப்படியே ஓட்டலாம். ஆப்ஷன்ஸில் காண்டெக்ஸ்ட் மெனு (ரைட் கிளிக் மெனுவின் ஆங்கிலப் பெயர்) வகையை மட்டும் காட்டும்படி வடிகட்டிக்கொள்ளுங்கள். மைக்ரோசாஃப்ட்டுடையது அல்லாத வரிகளெல்லாம் இளஞ்சிவப்புப் பின்னணியில் நிற்கும். அவற்றைத் தேர்ந்தெடுத்து எஃப்7 அழுத்தினால் முடக்கம், எஃப்8 அழுத்தினால் மீண்டும் இயக்கம். எதையும் அழிப்பதில்லை என்பதால் பயமில்லை. நான் இளஞ்சிவப்பு வரிகள் எல்லாவற்றையும் முடக்கி, டாஸ்க் மேனேஜரில் விண்டோஸ் எக்ஸ்ப்ளோரரை ரீஸ்டார்ட் செய்து, மெனு பட்டென்று வருகிறதா என்று பார்த்தேன். வந்தது. பிறகு பாதிப் பாதியாக இயக்கிப் பார்த்தபோது ஒரு பேக்கப் புரோகிராமின் எக்ஸ்டென்ஷன்தான் காரணம் என்று பிடிபட்டது. அந்த புரோகிராமை அலுவலகம் பயன்படுத்துவதை நிறுத்தி ரொம்ப நாள் ஆகிறது. ஆனால் அது ஒவ்வொரு ரைட் கிளிக்குக்கும் இல்லாத சர்வரைத் தேடிக்கொண்டிருந்தது. அதை மட்டும் முடக்கியதிலேயே அக்கா முகம் தெளிந்துவிட்டது.

இந்தச் சோதனையில் ஒன்றைக் கவனியுங்கள். எக்ஸ்ப்ளோரரை ரீஸ்டார்ட் செய்த பிறகு வரும் முதல் ரைட் கிளிக் எப்போதும் கொஞ்சம் மெதுவாகத்தான் இருக்கும். டிஎல்எல்கள் அப்போதுதான் ஏறுகின்றன. இரண்டாவது, மூன்றாவது கிளிக்கை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

அடுத்தது விண்டோஸ் 11 பிரச்சினை. எங்களிடம் சில கணினிகளில் 10, சிலவற்றில் 11. 2021 அக்டோபரில் வந்த 11இல் மெனுவைச் சுருக்கிவிட்டார்கள். பழைய முறையில் ரெஜிஸ்ட்ரியில் எழுதும் வரிகள் இந்தப் புது மெனுவில் தெரியாது. கீழே "ஷோ மோர் ஆப்ஷன்ஸ்" அழுத்தினால்தான் பழைய மெனு திறந்து அவை தெரியும். புது மெனுவில் நேரடியாக இடம்பிடிக்க வேண்டுமென்றால் அதற்கான முறைப்படி புரோகிராம் எழுதி, அதை பேக்கேஜாகக் கட்டிக் கொடுக்க வேண்டும். ஒரு ஆடிட்டர் அலுவலகத்துக்கு அது தேவையில்லாத பாடு.

அதற்குப் பதில் பழைய மெனுவையே முதலில் காட்டச் சொல்லலாம். ரெஜிஸ்ட்ரியில் நடப்புப் பயனர் பகுதிக்குள் சாஃப்ட்வேர், கிளாசஸ், சிஎல்எஸ்ஐடி என்ற வரிசையில் போய், புது மெனுவுக்குரிய நீளமான அடையாள எண்ணில் ஒரு கீ (ரெஜிஸ்ட்ரிக்குள் ஃபோல்டர் போன்றது) உருவாக்கி, அதற்குள் இன்ப்ராக்சர்வர்32 என்ற கீயை வைக்க வேண்டும். அந்த எண் 86 என்று தொடங்கும். கையால் தட்டாமல் எங்கிருந்தாவது காப்பி செய்துகொள்ளுங்கள், ஒரு எழுத்து மாறினாலும் வேலை செய்யாது. உள்ளே இருக்கும் டீஃபால்ட் வேல்யூவை (கீக்குள் எழுதும் மதிப்புதான் வேல்யூ) இருமுறை கிளிக் செய்து, எதுவும் எழுதாமல் ஓகே கொடுக்க வேண்டும். இது வெட்டி வேலை மாதிரித் தெரியும், ஆனால் இதுதான் முக்கியம். "வேல்யூ இல்லை" என்பதும் "வேல்யூ இருக்கிறது, அது வெற்று" என்பதும் ரெஜிஸ்ட்ரிக்கு வேறு வேறு. வெற்று வேல்யூ இருந்தால் எக்ஸ்ப்ளோரர் புது மெனுவின் டிஎல்எல்லை ஏற்ற முயன்று, முகவரி இல்லாமல் திரும்பி, பழைய மெனுவைக் காட்டிவிடும். அந்தக் கீயை அழித்தால் புது மெனு திரும்பிவிடும்.

ஒரு கணினியில் இருப்பவர் புது மெனுவே பிடித்திருக்கிறது என்றார். அவருக்கு இதைச் செய்யவில்லை. ஷிஃப்ட் எஃப்10 அழுத்தினால் பழைய மெனு வரும் என்று காட்டிக் கொடுத்தேன். போதும் என்றார்.

இப்போது எங்கள் வரிகளைச் சேர்க்கும் கட்டம். இதற்கென்றே தயாராகக் கிடைக்கும் மென்பொருள்கள் பல உண்டு. ஃபைல்மெனு டூல்ஸ், ஈஸி காண்டெக்ஸ்ட் மெனு, நைல்சாஃப்ட் ஷெல் ஆகியவற்றைப் பார்த்தேன். ஈஸி காண்டெக்ஸ்ட் மெனுவில் தயாராக இருக்கும் பட்டியலில் டிக் செய்தால் போதும். ஆனால் அவர்கள் யோசித்து வைத்தவை கன்ட்ரோல் பேனல், கமாண்ட் விண்டோ மாதிரியானவை. "இந்த கிளையன்ட்டின் ஃபோல்டருக்கு அனுப்பு" என்பதை நாம்தான் எழுத வேண்டும். ஃபைல்மெனு டூல்ஸ் மொத்தமாகப் பெயர் மாற்றுவது போன்ற நல்ல கருவிகளோடு வருகிறது. அது டிஎல்எல் வழி. ஒரு டிஎல்எல் செய்த தொல்லையை இப்போதுதான் பிடுங்கி எறிந்திருந்ததால், இன்னொன்றை எல்லாக் கணினியிலும் ஏற்ற மனம் வரவில்லை. அலுவலகம் முழுவதற்கும் வெறும் ரெஜிஸ்ட்ரி வரிகள், என் கணினியில் மட்டும் நைல்சாஃப்ட் என்று முடிவு செய்தேன்.

ரெஜிஸ்ட்ரி வரிகளை இயந்திரம் முழுவதற்குமான பகுதியில் எழுதினால் அட்மின் அனுமதி கேட்கும். நடப்புப் பயனர் பகுதியில், சாஃப்ட்வேருக்குள் கிளாசஸுக்குள் எழுதினால் கேட்காது. கெடுதல் வந்தாலும் அந்த ஒரு பயனரோடு போகும். அதற்குள் நட்சத்திரக் குறி பெயரில் ஒரு கீ இருந்தால் அது எல்லா ஃபைலுக்கும், டைரக்டரி என்றால் ஃபோல்டர் மேல் கிளிக் செய்வதற்கு, டைரக்டரிக்குள் பேக்ரவுண்ட் என்றால் ஃபோல்டரின் வெற்றிடத்தில் கிளிக் செய்வதற்கு. ஒவ்வொன்றுக்குள்ளும் ஷெல் என்ற கீ, அதற்குள் நம் வரியின் பெயரில் ஒரு கீ, அதற்குள் கமாண்ட் என்ற கீ. கமாண்டின் டீஃபால்ட் வேல்யூவில் புரோகிராமின் பாதையும், கடைசியில் மேற்கோள் குறிகளுக்குள் "%1" என்பதும். ஃபைலின் முழுப் பாதை அந்த %1 இருக்கும் இடத்தில் வந்து உட்காரும். மேற்கோள் குறியை விட்டுவிட்டால் பெயரில் இடைவெளி உள்ள ஃபைல்கள் துண்டு துண்டாகப் போய்ச் சேரும். வெற்றிடத்தில் கிளிக் செய்யும் வரிக்கு %1 வேலை செய்யாது. அங்கே %வி, அதாவது ஆங்கில வி எழுத்து.

ஒரு எச்சரிக்கை. ஃபோல்டருக்கான வரி எழுதும்போது கமாண்ட் கீயின் டீஃபால்டில் எழுத வேண்டியதை, இரண்டு படி மேலே இருக்கும் ஷெல் கீயின் டீஃபால்டில் எழுதாதீர்கள். ஃபோல்டரை இருமுறை கிளிக் செய்தால் எது நடக்க வேண்டும் என்பதை அந்த இடம்தான் தீர்மானிக்கிறது. அங்கே எதையாவது எழுதினால் ஃபோல்டர் திறப்பதற்குப் பதில் வேறு ஏதோ ஓடும்.

தனித்தனி வரிகளாகப் போட்டால் மெனு நீண்டுவிடும் என்பதால் ஒரே தலைப்புக்குள் துணை மெனுவாக வைத்தேன். அதற்குத் தலைப்புக் கீயில் எம்யுஐவெர்ப் என்ற வேல்யூவில் தலைப்பை எழுதி, சப்கமாண்ட்ஸ் என்ற வேல்யூவை வெறுமையாக வைத்து, உள்ளே மறுபடி ஒரு ஷெல் கீயைப் போட்டு, அதற்குள் உள்வரிகளை அடுக்க வேண்டும். உள்வரிகள் கீ பெயரின் அகரவரிசைப்படி வரும். அதனால் கீகளுக்கு 01, 02 என்று எண்ணைப் பெயராக வைத்துவிட்டால் நமக்கு வேண்டிய வரிசை கிடைக்கும். பொசிஷன் என்ற வேல்யூவில் டாப் என்று எழுதினால் தலைப்பு மெனுவின் மேல்பக்கம் போய் நிற்கும். எக்ஸ்டென்டட் என்ற வெற்று வேல்யூவைச் சேர்த்தால் அந்த வரி ஷிஃப்டை அழுத்திக்கொண்டு கிளிக் செய்தால் மட்டும் தெரியும். தினசரி தேவைப்படாதவற்றை அங்கே ஒளித்து வைத்திருக்கிறேன்.

பெயர்களைத் தமிழில் வைத்தேன். "ஃபோல்டரில் சேர்", "பாஸ்வேர்டு நீக்கு", "பாதையை எடு" என்று இருந்தால் புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கும் கேட்காமலே புரியும். இந்த வரிகளையெல்லாம் எழுதி வைத்து ரெஜிஸ்ட்ரிக்குள் மொத்தமாக இறக்க உதவும் எழுத்து ஃபைல்தான் ரெஜ் ஃபைல். தமிழ் எழுத்து சரியாக வர வேண்டுமென்றால் அதை நோட்பேடில் சேமிக்கும்போது என்கோடிங்கை (எழுத்துகளைச் சேமிக்கும் முறை) யுடிஎஃப்-16 எல்இ என்று மாற்றுங்கள். நோட்பேட் இப்போது இயல்பாக யுடிஎஃப்-8இல் சேமிக்கிறது. அப்படிச் சேமித்த ரெஜ் ஃபைலை இறக்கினால் மெனுவில் குப்பை எழுத்து வரும். ரெஜ் ஃபைலுக்குள் பாதை எழுதும்போது ஒவ்வொரு பின்சாய்வுக் கோட்டையும் இரட்டிப்பாக எழுத வேண்டும் என்பதும் நினைவிருக்கட்டும்.

விசைப்பலகையில் வேலை செய்பவர்களுக்கு இன்னொரு வசதி. பெயரில் ஆம்பர்சன்ட் (&) குறியைப் போட்டு அதை ஒட்டி ஒரு எழுத்தை வைத்தால், மெனு திறந்திருக்கும்போது அந்த எழுத்தை அழுத்தி அந்த வரியை எடுக்கலாம். தமிழ்ப் பெயருக்கு எழுத்தை வைத்தால் கீபோர்டைத் தமிழுக்கு மாற்ற வேண்டும். அதனால் பெயருக்கு முன்னால் எண்ணை வைத்தேன்: 1 ஃபோல்டரில் சேர், 2 பாஸ்வேர்டு நீக்கு. இப்போது அக்கா மெனு விசையை அழுத்தி, துணை மெனுவைத் திறந்து, 1 தட்டிவிட்டுப் போகிறார், மௌஸைத் தொடுவதே இல்லை.

இனி அந்த வரிகள் என்ன செய்கின்றன என்பது. முதல் வரியின் பின்னால் பவர்ஷெல் என்ற விண்டோஸின் கட்டளை மொழியில் எழுதிய ஒரு ஸ்கிரிப்ட் இருக்கிறது. டி டிரைவில் உள்ள கிளையன்ட் ஃபோல்டர்களின் பட்டியலை எடுத்து அவுட்-கிரிட்வியூ என்ற கட்டளைக்குக் கொடுத்தால், அது தேடும் பெட்டியோடு ஒரு ஜன்னலைத் திறக்கும். பெயரில் இரண்டு மூன்று எழுத்து தட்டினால் பட்டியல் சுருங்கும். வேண்டியதைத் தேர்ந்தெடுத்து ஓகே. இதற்காக நாம் ஒரு பட்டனைக்கூட வரைய வேண்டியதில்லை, விண்டோஸோடு வரும் பவர்ஷெல் 5.1இலேயே இருக்கிறது. பிறகு அதே போல வருஷம் கேட்கும்.

வருஷத்தை இன்றைய தேதியிலிருந்து தானாகவே கணக்கிடலாமே என்று தோன்றலாம். எங்கள் வேலைக்கு அது ஒத்துவராது. 2025 ஜூலையில் கைக்கு வரும் வருமான வரி ஃபைல் 2024-25 நிதியாண்டுக்கானது. அதே நாளில் வரும் ஜிஎஸ்டி ஃபைல் 2025-26க்கானது. தேதியை நம்பினால் பாதி ஃபைல் தவறான வருஷத்தில் போய்ப் படுத்துவிடும். கேட்பதுதான் சரி. ஒரு கிளிக் கூடுதல், பரவாயில்லை.

ஃபைலை நகர்த்த மூவ்-ஐட்டம். அதில் ஃபோர்ஸ் என்ற சேர்க்கையைப் போடவே இல்லை. போடாவிட்டால், அதே பெயரில் ஏற்கெனவே ஒரு ஃபைல் இருந்தால் அது நகர்த்தாமல் பிழை காட்டி நின்றுவிடும். கிளையன்ட்டின் கணக்கு ஃபைல் மேல் இன்னொன்று சத்தமில்லாமல் எழுதப்படுவதைவிட இப்படி நிற்பது ஆயிரம் மடங்கு மேல். பாதையைக் கொடுக்கும்போது லிட்டரல்பாத் என்று கொடுக்க வேண்டும். இல்லையென்றால் பெயரில் சதுர அடைப்புக்குறி உள்ள ஃபைல்களை பவர்ஷெல் தேடல் குறியாக எடுத்துக்கொண்டு, அப்படி ஒரு ஃபைலே இல்லை என்று சொல்லும்.

நட்சத்திரக் குறி பவர்ஷெல்லுக்கும் ஒரு பொறி. அந்தப் பெயரில் உள்ள ரெஜிஸ்ட்ரி கீயைப் பவர்ஷெல்லில் சாதாரணப் பாதையாகக் கொடுத்தால், "எல்லாக் கீகளும்" என்று எடுத்துக்கொண்டு கிளாசஸ் முழுவதையும் துழாவப் போய்விடும். ரெஜ் ஃபைல் அல்லது ரெஜ் ஆட் கட்டளை, இரண்டில் ஒன்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

இரண்டாவது வரி பாஸ்வேர்டு நீக்குவது. வருமான வரி போர்ட்டலில் இறக்கும் ஏஐஎஸ் (ஆண்டுத் தகவல்) அறிக்கையின் பிடிஎஃப் பான் எண்ணைச் சிறிய எழுத்துகளிலும் அதை ஒட்டிப் பிறந்த தேதியையும் சேர்த்தால்தான் திறக்கும். பேங்க் ஸ்டேட்மென்ட்டுகளுக்கு ஒவ்வொரு பேங்கும் ஒரு முறை வைத்திருக்கிறது. வேலை முடியும்வரை அதே ஃபைலைப் பலமுறை திறக்க வேண்டியிருப்பதால், க்யூபிடிஎஃப் என்ற இலவசக் கருவியை ஸ்கிரிப்ட் வழியாகக் கூப்பிட்டு, பாஸ்வேர்டை ஒருமுறை கேட்டு, திறந்த பிரதி ஒன்றைத் தனியாக எடுக்கச் செய்தேன். மூல ஃபைலைத் தொடுவதில்லை. மெயிலில் அனுப்புவது எப்போதும் பாஸ்வேர்டு உள்ள மூலத்தைத்தான், திறந்த பிரதி அலுவலகத்தை விட்டு வெளியே போகக் கூடாது என்று எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறேன். அடுத்தவர் கணக்கு நம் கையில் இருக்கும்போது இதில் தளர்வு கூடாது.

பல பிடிஎஃப்களை ஒன்றாகச் சேர்ப்பதையும் இதே மெனுவில் வைக்க நினைத்தேன். ரெஜிஸ்ட்ரி வரி அதற்குச் சரிப்படாது. பத்து ஃபைலைத் தேர்ந்தெடுத்து அழுத்தினால் ஒவ்வொரு ஃபைலுக்கும் ஒரு முறை என்று ஸ்கிரிப்ட் பத்துத் தடவை தனித்தனியாக ஓடும். ஒன்றுக்கொன்று பேச்சுவார்த்தை கிடையாது. பதினைந்துக்கு மேல் தேர்ந்தெடுத்தால் இப்படிப்பட்ட வரிகள் மெனுவிலிருந்தே காணாமல் போகும்; விண்டோஸில் அப்படி ஒரு வரம்பு வைத்திருக்கிறார்கள்.

இங்கே கைகொடுத்தது ரைட் கிளிக் மெனுவில் விண்டோஸ் 95 காலத்திலிருந்து இருக்கும் சென்ட் டு. ரன் பெட்டியில் ஷெல் என்று ஆங்கிலத்தில் எழுதி, முக்காற்புள்ளி வைத்து, இடைவெளி விடாமல் சென்ட்டு என்று சேர்த்து எழுதினால் அதன் ஃபோல்டர் திறக்கும். அதற்குள் ஒரு பேட்ச் ஃபைலை (கட்டளைகளை வரிசையாக எழுதிய ஃபைல்) போட்டால் அதன் பெயரே மெனுவில் ஒரு வரியாகிவிடும், ரெஜிஸ்ட்ரி பக்கமே போக வேண்டாம். தேர்ந்தெடுத்த எல்லா ஃபைல்களின் பாதையும் ஒரே கட்டளை வரியில் மொத்தமாக வந்து சேரும். அப்படி வரும்போது எந்த ஃபைலின் மேல் பாயிண்டரை வைத்து ரைட் கிளிக் செய்தோமோ அது முதலில் நிற்கும். பிடிஎஃப் சேர்க்கும்போது பக்க வரிசை குலைந்தால் வேலை கெட்டது. அதனால் ஸ்கிரிப்ட்டுக்குள் பெயர்ப்படி வரிசைப்படுத்திய பிறகே க்யூபிடிஎஃப்பிடம் கொடுக்கிறேன். கமாண்ட் வரி 8191 எழுத்துக்கு மேல் ஏற்காது. நீளமான பாதைகளும் நிறைய ஃபைல்களும் சேர்ந்தால் அந்த எல்லை வந்துவிடும், எனவே ஒரு மாதத்துக்கான பில்களை மட்டும் ஒரு முறைக்கு எடுக்கச் சொல்லியிருக்கிறேன்.

தமிழ்ப் பெயர்களால் வந்த வேலையைத் தனியாகச் சொல்ல வேண்டும். எங்கள் கிளையன்ட் ஃபோல்டர்களில் சில தமிழில், சில ஆங்கிலத்தில். எக்ஸ்ப்ளோரருக்கு இதில் ஒரு சிக்கலும் இல்லை. ஸ்கிரிப்ட்டுகளில்தான் சேமிக்கும் முறையைப் பார்க்க வேண்டும். பவர்ஷெல் 5.1 ஸ்கிரிப்ட்டுக்குள் தமிழ் எழுத்து இருந்தால் அதை யுடிஎஃப்-8 வித் பாம் என்று சேமிக்க வேண்டும். பாம் என்பது ஃபைலின் தொடக்கத்தில் என்கோடிங்கைக் காட்டும் சிறு குறி. பாம் இல்லையென்றால் அது பழைய என்கோடிங்காக நினைத்து எழுத்தைச் சிதைத்துவிடும். பேட்ச் ஃபைலுக்கு நேர் எதிர்: பாம் இருந்தால் முதல் வரியே பிழையாகும், எனவே பாம் இல்லாத யுடிஎஃப்-8, அதோடு தமிழ் வரும் வரிகளுக்கு முன்பே சிஹெச்சிபி 65001 என்ற கட்டளை. இந்த இரண்டையும் ஒரு தாளில் எழுதி மானிட்டருக்குப் பக்கத்தில் ஒட்டி வைத்திருக்கிறேன்.

"பாதையை எடு" என்ற வரியும் இப்படித்தான். வழக்கமாக எல்லோரும் சொல்வது, பாதையை க்ளிப் என்ற கட்டளைக்கு அனுப்புங்கள் என்பது. ஆங்கிலப் பெயருக்கு ஓடும். தமிழ்ப் பெயர் வந்தால் கேள்விக்குறிகளாக மாறிவிடும். அதை விட்டுவிட்டு பவர்ஷெல்லின் செட்-கிளிப்போர்டை வைத்தேன், தமிழ் அப்படியே வருகிறது. விண்டோஸ் 11இல் காப்பி ஆஸ் பாத் என்ற வரி கண்ணில் படும்படியே இருக்கிறது, கன்ட்ரோல் ஷிஃப்ட் சி என்ற குறுக்குவிசையும் உண்டு. விண்டோஸ் 10 உள்ளவர்கள் ஷிஃப்ட் பிடித்துக்கொண்டு கிளிக் செய்ய வேண்டும். அவர்களுக்காகத்தான் இந்த வரி.

பாதையை எடுத்து என்ன செய்வது என்று கேட்பவர்களுக்கு: போர்ட்டலில் ஃபைல் ஏற்றும்போது திறக்கும் பெட்டியில், ஃபோல்டர் ஃபோல்டராகத் தேடாமல், ஃபைல் நேம் என்ற இடத்தில் அந்தப் பாதையை ஒட்டி என்டர் தட்டுங்கள். மேற்கோள் குறியோடு ஒட்டினாலும் ஏற்றுக்கொள்ளும். இந்த மொத்த வேலையில் எங்கள் அலுவலகத்தில் அதிகம் பாராட்டப்பட்டது இந்தச் சின்ன விஷயம்தான்.

அந்தத் திறக்கும் பெட்டிக்குள்ளேயே ஒரு ஃபைலை ரைட் கிளிக் செய்தாலும் நம் மெனு வரும், ஏனென்றால் உள்ளே இருப்பது எக்ஸ்ப்ளோரரின் அதே பகுதி. டிஎல்எல் எக்ஸ்டென்ஷன்களுக்கு இங்கே ஒரு குறை உண்டு. பழைய 32 பிட் புரோகிராமின் பெட்டிக்குள் 64 பிட் டிஎல்எல் ஏறாது, அந்த வரிகள் தெரியாமல் போகும். வெறும் ரெஜிஸ்ட்ரி வரிக்கு இந்தப் பேதம் இல்லை. எங்களிடம் இன்னும் ஓடும் ஒரு பழைய கணக்கு மென்பொருளுக்குள்ளும் "ஃபோல்டரில் சேர்" தெரிந்தபோது, டிஎல்எல் வழியைத் தவிர்த்தது நல்லது என்று உறுதியானது.

என் கணினியில் போட்ட நைல்சாஃப்ட் ஷெல் பற்றியும் சொல்லிவிடுகிறேன். இலவசம், மூலநிரலும் திறந்து கிடக்கிறது. மெனு முழுவதையும் ஒரு எழுத்து ஃபைலில் விவரிக்கலாம்: இந்த வரி ஃபைலுக்கு மட்டும், இது ஃபோல்டருக்கு, இது பல ஃபைல் தேர்ந்தெடுத்தால். மற்ற புரோகிராம்கள் சேர்த்த வரிகளைப் பெயர் வைத்துத் தேடி மறைக்கலாம், வேறு துணை மெனுவுக்குள் தள்ளலாம். ரெஜிஸ்ட்ரி முறையால் இது முடியாது. விண்டோஸ் 11இல் சுருக்க மெனுவுக்குப் பதிலாகவே இது வந்துவிடுவதால் ஷோ மோர் ஆப்ஷன்ஸ் தொல்லையும் இல்லை. தினம் தட்டிப் பார்த்து மாற்றிக்கொண்டே இருப்பவருக்கு இதைவிட நல்ல கருவி நான் பார்க்கவில்லை. ஆனால் இதுவும் எக்ஸ்ப்ளோரருக்குள் ஏறும் டிஎல்எல்தான். 20ஆம் தேதி மதியம் ஏதாவது நடந்தால் கையாள்வதற்கு நான் பக்கத்தில் இருக்க வேண்டும். ஆகவே என் கணினியோடு சரி.

கடைசியாக, மற்ற கணினிகளுக்குக் கொண்டுபோனது. ஸ்கிரிப்ட்டுகள் எல்லாக் கணினியிலும் டி டிரைவில் ஒரே பெயருள்ள ஃபோல்டரில் இருக்கின்றன. ரெஜ் ஃபைலில் பாதை ஒன்றாக இருக்க வேண்டும் என்பதற்காக. இறக்குவதற்கு முன் ஒவ்வொரு கணினியிலும் கிளாசஸ் கீயை எக்ஸ்போர்ட் செய்து தேதியோடு எடுத்து வைத்தேன். நீக்குவதற்கும் ஒரு ரெஜ் ஃபைல் எழுதினேன்: சதுர அடைப்புக்குள் கீயின் பெயருக்கு முன்னால் ஒரு கழித்தல் குறி போட்டால் அந்தக் கீ உள்ளே இருப்பவற்றோடு சேர்ந்து போய்விடும். சேர்ப்பதும் நீக்குவதும் இரண்டு ஃபைல்களாகப் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன, நான் இல்லாத நாளிலும் யாரும் கழற்றலாம்.

இப்போது மெனுவில் எங்கள் தலைப்புக்குள் நான்கு வரிகள்தான் இருக்கின்றன. வாட்ஸாப்பில் வரும் பில் போட்டோவை பிடிஎஃப் ஆக்கும் வரியும் வேண்டும் என்று ஒருவர் கேட்டிருக்கிறார், வெற்று ஃபோல்டரில் கிளிக் செய்தால் புது கிளையன்ட்டுக்கான உள்ஃபோல்டர்களை எல்லாம் உருவாக்கும் வரி வேண்டும் என்று அக்கா கேட்டிருக்கிறார். இரண்டாவதை பேக்ரவுண்ட் கீயில், எக்ஸ்டென்டட் போட்டு வைக்கப்போகிறேன். புது கிளையன்ட் தினமும் வருவதில்லை. முதலாவதுக்கு சென்ட் டுதான் சரியான இடம், ஏனென்றால் போட்டோக்கள் ஒன்றாக வருவதே இல்லை, கத்தையாகத்தான் வருகின்றன.